மறு கையையும் நீட்டும்மா

கூட்டம் நெரியும் ஆஸ்பத்திரியில் ஒரு கையில் பிரஷர் பார்ப்பதே பெரிய காரியம். மறு கையையும் நீட்டச் சொல்கிற டாக்டர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அறந்தாங்கியிலிருந்தோ கறம்பக்குடியிலிருந்தோ ஓர் இளம்பெண் புதுக்கோட்டைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "துணி அலசினா கை ஓஞ்சு போவுது டாக்டர், சித்த நேரம் தொங்கப்போட்டா சரியாயிடுது." இதைச் சத்துக்குறைவு என்று டானிக் எழுதி அனுப்பிவிடலாம். எழுதாதவர் இரண்டு மணிக்கட்டையும் ஒரே நேரத்தில் பிடிக்கிறார். ஒரு பக்கம் நாடி துள்ளுகிறது. மறு பக்கம் இழைகிறது. இரு கைகளின் மேல் அளவு பிரஷரில் 10க்கு மேல் வித்தியாசம். காறை எலும்பை ஒட்டி ஸ்டெதஸ்கோப்பை வைத்தால், குறுகிய குழாயில் ரத்தம் நெருக்கிப் போகும் 'உஸ்'. தகயாசு நோயாக இருக்கலாம் என்ற சந்தேகம் இங்கேயே பிறந்துவிடுகிறது. ஸ்கேன் அப்புறம்தான்.

பெருந்தமனியும் கிளைகளும் அழற்சியால் தடித்துக் குறுகும் அபூர்வ நோய் இது. 1908இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிட்டோ தகயாசு ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் கண்ட விசித்திர ரத்தக்குழாய்களை ஒரு மருத்துவக் கூட்டத்தில் விவரித்தார். அதே சபையில் வேறு இருவர் எழுந்து, தாங்கள் பார்த்த இதேபோன்ற நோயாளிகளுக்குக் கைநாடியே இல்லை என்றார்கள். நம் நாட்டில் வயிற்றுப் பகுதிப் பெருந்தமனியும் சிறுநீரகத் தமனியும் அடிக்கடி மாட்டுவதால் பிரஷர் எகிறும். ஆனால் அடைத்த கையில் அளந்தால் அது நார்மலாகக் காட்டும்! இரு கையும் அடைத்திருந்தால் காலில்தான் பார்க்க வேண்டும்.

நான் மிக ரசிப்பது, இந்த நோய் இப்போது எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று அளக்கும் ஐட்டாஸ் 2010 என்ற மதிப்பெண் அட்டவணை. வேலூர் சி.எம்.சி.யின் தேபாசிஷ் தாண்டா, லக்னோவின் ராம்நாத் மிஸ்ரா உள்ளிட்டோர் உருவாக்கியது. 44 அம்சங்கள், அவற்றில் 33 இதயமும் ரத்தக்குழாயும் சார்ந்தவை. முக்கியமான ஏழுக்கு மட்டும் தலா 2, மற்றவற்றுக்கு 1. இதில் நுட்பம் என்னவென்றால், பழைய பாதிப்புக்கு மதிப்பெண் கிடையாது. கடந்த மூன்று மாதத்தில் புதிதாக வந்ததும் மோசமானதும்தான் கணக்கு. என்றைக்கோ போன நாடி வெறும் தழும்பு. போன மாதம் போனது என்றால் உள்ளே இன்னும் எரிகிறது. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான இஎஸ்ஆர் ஒழுங்காக இருக்கும்போதே நோய் உள்ளுக்குள் ஓடுவதுண்டு என்பதால், புதிதாக என்ன வந்தது என்ற கேள்வி இன்னும் முக்கியம்.

எரிகிறது என்றால் பிரட்னிசோலோன்; கூடவே மெத்தோட்ரெக்சேட், மைக்கோபினோலேட் போன்ற மருந்துகள்; அடங்காவிட்டால் டோசிலிசுமாப் ஊசி. அடைப்பு கண்ணுக்குத் தெரிந்தாலும், உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லை என்றால் உடனே பலூன் வைத்துக் குழாயை விரிக்க மாட்டார்கள். அழற்சி அடங்கட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குமுன் விரித்த குழாய் மறுபடி சுருங்கவே வாய்ப்பு அதிகம்.