புகையிலை நிறத்தில் ஒரு மன்னிப்பு: கல்லறைப் படங்களும் வண்ண ஃபில்டர்களும்

பழைய கல்லறைகளைப் படமெடுப்பவர்களிடம் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. வானத்தில் கொஞ்சம் மேகம் வேண்டும். கல்லில் பாசி பிடித்திருக்க வேண்டும். ஆள் யாரும் குறுக்கே வரக்கூடாது. லென்ஸுக்கு முன்னால் ஒரு வண்ண ஃபில்டர். கீழே 'காலத்தின் மௌனம்' என்று எழுதிவிட்டால் தீர்ந்தது, கண்காட்சிக்குத் தயார். இந்த மௌனம் யாருக்காக உற்பத்தி செய்யப்படுகிறது என்பதுதான் நம் கேள்வி.

ஃபில்டர் என்பது ஒளியில் சில நிறங்களை உள்ளே விட்டு மற்றதைத் தடுக்கிற கண்ணாடி, அல்லது பிளாஸ்டிக். கறுப்பு வெள்ளைப் படத்தில் அதற்கு உருப்படியான வேலை இருந்தது. சிவப்பு ஃபில்டர் போட்டால் நீலவானம் இருண்டு, வெளிறிய கல் எடுப்பாகத் தெரியும். பச்சை போட்டால் இலைகள் வெளுக்கும். நிறத்தை நிறமாகக் காட்ட முடியாத பிலிமில் வேறுபாட்டைக் காப்பாற்றும் உபாயம் அது. 1970களின் இறுதியில் பிரான்சிலிருந்து 'கோகின்' சதுர ஃபில்டர்கள் சந்தைக்கு வந்தபின் கதை மாறியது. வண்ணப் படத்தின் மேல் இன்னொரு வண்ணத்தைப் பூசலாம். அவற்றில் ஒன்றுக்குப் பெயரே 'புகையிலை'. மேல்பாதி பழுப்பு, கீழே வரவரத் தெளிந்துவிடும். பட்டப்பகல் வானம்கூட அந்திபோல் ஆகிவிடும். இன்று இதே காரியத்தைச் செல்போனில் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் செய்துவிடலாம்.

இந்தப் பழுப்பை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. வினைச்சொல்லில் இறந்தகால இடைநிலை செய்கிற வேலையை அது படத்தில் செய்கிறது. பழைய ஆல்பங்களின் நிறம் அது என்பது நமக்குப் பழகிப்போயிருக்கிறது. ஆகவே பார்த்த மாத்திரத்தில் 'இது என்றைக்கோ முடிஞ்சுபோன விஷயம்' என்று வாசித்துவிடுகிறோம். முடிந்துபோனதற்கு யாரும் பொறுப்பில்லை. நிறம் இங்கே ஒரு மன்னிப்புப் பத்திரம்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அதன் தலைமையிடம் பழவேற்காடுதான். தோட்டத்து வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூட்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே குலச்சின்னங்களும் டச்சு எழுத்துகளும் செதுக்கிய கற்பலகைகள், கூம்புகள். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. புகையிலை ஃபில்டருக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஆனால் அந்தக் கற்கள் எந்தக் காசில் நின்றன? துணி வணிகம் தெரிந்த கதை. இன்னொன்றும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இந்தக் கரையில் பஞ்சம் வந்த காலங்களில் கம்பெனி மனிதர்களை விலைக்கு வாங்கி பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேற்றியது. அதற்கான துறைகளில் பழவேற்காடும் ஒன்று. பழுப்பு வானத்தின் கீழ் கம்பெனி உத்தியோகஸ்தன் 'மனிதன்' ஆகிறான். அவன் சாவு 'மரணம்' ஆகிறது. சாவு எல்லாருக்கும் பொது என்கிறார்கள். சரி, கல் எல்லாருக்கும் பொதுவா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் பிணங்களைத் தனியே ஒதுக்க எழுப்பிய சுவர், செத்தபிறகும் எதுவும் பொதுவாகிவிடுவதில்லை என்பதற்குச் சாட்சி.

'அப்படியானால் ஃபில்டரைத் தூக்கி எறி, உள்ளதை உள்ளபடி எடு' என்று நம் யதார்த்தவாதத் தோழர்கள் சொல்லக்கூடும். 'உள்ளபடி' என்று ஒன்று கேமராவுக்குள் கிடையாது. கோடாக் கலர்ப் பிரிண்டுகளின் நிறத்தைச் சரிபார்க்க வெகுகாலம் வெள்ளைத்தோல் பெண்ணின் படம்தான் அளவுகோலாக இருந்தது. ஃபில்டர் இல்லாத படமும் ஒருவருக்குச் சாதகமாகவே நிறம் பிரிக்கிறது. ஆக, எந்த ஃபில்டர் தன் வேலையை மறைக்கிறது, எது காட்டிக்கொடுக்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே விமர்சனத்தின் வேலை.

காட்டிக்கொடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஒரே பிரேமில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஃபில்டர்கள் வழியாக அடுத்தடுத்து மூன்று முறை எடுப்பது. 1861இல் மேக்ஸ்வெல் செய்து காட்டிய மூவண்ணத் தத்துவம்தான் இதற்கு அடிப்படை. ரஷ்யாவில் புரோகூதின்-கோர்ஸ்கி மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக எடுத்துச் சேர்த்த படங்களில் ஓடும் தண்ணீர் வண்ணவண்ணமாகப் பிசிறியிருக்கும். அசையாதது தன் இயல்பான நிறத்தில் வரும். அசைந்தது மூன்று நிறங்களாகச் சிதறும்.

பழவேற்காட்டில் இப்படி எடுத்தால் என்ன ஆகும்? கல் கல்லாகவே இருக்கும். மேகம், இலை, நடந்துபோகும் காவலாளி எல்லாம் சிவப்பும் பச்சையும் நீலமுமாக உடையும். 'உயிரோடிருப்பவர்களே ஆவிகள்' என்று இதையும் ஒரு கவித்துவமாக்கி ரசிக்கலாம்தான். ஆனால் அந்தப் படம், தான் மூன்று வெவ்வேறு கணங்களை ஒட்டித் தைத்தது என்பதை மறைக்கவில்லை. ஒற்றை மௌனம், ஒற்றைக் கடந்தகாலம் என்று அதனால் பசப்ப முடியாது. கல்லுக்கு மட்டும் ஏன் இந்த நிலைத்த நிறம் என்று கேட்க வைக்கிறது. அசையாமல் இருப்பதற்கு அன்றைக்குக் காசு கொடுத்தார்கள்; இன்றைக்கும் அரசாங்கம் காவல் போட்டிருக்கிறது. அசையாமை இயற்கையல்ல, அதிகாரம்.

இதற்கும் எல்லை உண்டு. கப்பலேற்றப்பட்டவர்கள் அந்தப் படத்தில் கல்லாகவும் இல்லை, பிசிறாகவும் இல்லை. அவர்களுக்குக் கல் கிடையாது. கம்பெனிக் கணக்கேடுகளில் சரக்கோடு சரக்காக எண்ணிக்கை மட்டும் உண்டு. அதைக் கொண்டுவர எந்த ஃபில்டராலும் ஆகாது, எழுத்தால்தான் ஆகும். படத்துக்குக் கீழே எழுதும் வரியே அதன் முக்கியமான பகுதியாகிவிடாதா என்று வால்டர் பெஞ்சமின் 1931இலேயே கேட்டிருக்கிறார். எனவே நண்பர்களே, பழுப்போ நீலமோ எதை வேண்டுமானாலும் போட்டு எடுங்கள். கீழே 'காலத்தின் மௌனம்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், எந்த வியாபாரம் என்று எழுதுங்கள். அப்புறமும் அந்தப் பழுப்பு அழகாகத் தெரிகிறதா என்று பார்ப்போம்.