மணத்துக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள்

சென்ட் விமர்சனம் என்று எழுதப்படுவதில் பெரும்பகுதி, தயாரித்த நிறுவனம் தரும் பட்டியலின் மறுபதிப்புதான்: முதலில் எலுமிச்சை, நடுவில் மல்லிகை, அடியில் சந்தனம். அந்தப் பட்டியல் சேர்மானக் குறிப்பு அன்று, விற்பனைக்காக எழுதப்படும் வர்ணனை. எட்மண்ட் ரூட்னிட்ஸ்கா 1956-இல் டியோர் நிறுவனத்துக்கு உருவாக்கிய டியோரிஸிமோ, லில்லி ஆஃப் த வேலி பூவின் மணத்துக்குப் பேர்போனது. சென்டுக்கு ஆகும்படி அந்தப் பூவிலிருந்து எண்ணெய் எடுக்க வழியில்லை. ஹைட்ராக்ஸிசிட்ரோனெல்லால் போன்ற செயற்கைப் பொருள்களை வைத்துத்தான் அந்த மணத்தைக் கட்டினார். இதில் அந்தப் பூவின் சாறு இருப்பதாக எழுதுகிறவர் அட்டையைப் படித்தாரே தவிர, மோந்து பார்த்தாரா என்பது சந்தேகம்.

லூக்கா டூரினும் டானியா சான்செஸும் 2008-இல் வெளியிட்ட சென்ட் வழிகாட்டி நூல் இந்த வழக்கத்தை உடைத்தது. ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம். எவ்வளவு பெரிய பெயரானாலும் பிடிக்காவிட்டால் ஒற்றை நட்சத்திரம். அவர்களுடைய பெரிய பலம் ஒப்பீடு. இது எதைப் போன்றது, எதைவிட மட்டம் என்று சொல்லிவிட்டால், அந்த இன்னொன்றை அறிந்த வாசகருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. ஆனால் நையாண்டி அளவு மீறும் இடங்களில் கேலி மனதில் நிற்கிறது, மணம் நிற்பதில்லை. நட்சத்திரமும் அவர்களுடைய ரசனையைத்தான் காட்டும்; உங்களுக்குப் பிடிக்குமா என்பதற்கு அதில் விடை கிடையாது.

விமர்சனத்துக்கு ஆயுளும் உண்டு. கெர்லெய்ன் நிறுவனத்தின் மிட்சூகோ என்ற சென்ட் 1919-இல் வந்தது. அதற்கு உயிரான ஓக் மரப் பாசி தோல் ஒவ்வாமை தரும் என்று கட்டுப்பாடுகள் வந்தபின் சேர்மானத்தை மாற்ற வேண்டியதாயிற்று. பெயர் அதேதான், உள்ளிருப்பது அதே அல்ல. எந்த ஆண்டுப் பாட்டிலை மோந்தேன் என்று சொல்லாத புகழுரையால் இன்று வாங்குபவருக்குப் பயனில்லை.

மூக்கின் கதை இன்னும் சிக்கல். செயற்கைக் கஸ்தூரி வகைகள் சில, சிலர் மூக்குக்கு எட்டுவதே இல்லை. எட்டினாலும் சிறிது நேரத்தில் பழகிப்போய் உணர்வு மங்கிவிடும். ஆகவே “ஒரு மணி நேரத்தில் போய்விட்டது” என்ற தீர்ப்பு சென்டைப் பற்றியதா, எழுதியவரின் மூக்கைப் பற்றியதா? பக்கத்தில் இருப்பவரைக் கேட்டு எழுதியிருந்தால் நம்பலாம். எந்த வெயிலில், தோலிலா துணியிலா, எத்தனை முறை அடித்தார் என்பதும் வேண்டும். பாரிஸ் குளிரில் இதமாக இருப்பது சென்னையின் மே மாதத்தில் தலைவலியாகலாம். இந்த விவரங்களை எழுத இலக்கிய நடை தேவையில்லை. அலங்காரமாக எழுதுகிறவர்கள் இவற்றைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு நல்ல விமர்சனமானாலும் அதை நம்பி 100 மில்லி பாட்டிலை வாங்கிவிடாதீர்கள். முதலில் 2 மில்லி மாதிரிக் குப்பி ஒன்றை வாங்கி, நம்மூர் வெயிலில் ஒரு நாள் முழுக்கப் பூசிப் பாருங்கள்.