பேட்ச் வந்தது, கார்டுக்குப் போய்ச் சேர்ந்ததா?

ஒரு சர்வருக்குள் பெரும்பாலும் இன்னொரு சிறு கணினியும் இருக்கிறது. அதுதான் மேலாண்மை கார்டு. சில சர்வர்களில் தனியாகச் செருகப்பட்டிருக்கும். சிலவற்றில் மதர்போர்டிலேயே சில்லாகப் பதிந்திருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும் மின் இணைப்பு உள்ளவரை அது விழித்திருக்கும். தொலைவில் இருந்தபடியே இயந்திரத்தை அணைக்கலாம், இயக்கலாம், இயங்குதளத்தையே மாற்றி நிறுவலாம். அதற்கெனத் தனி நெட்வொர்க் முகவரியும், லைப்ரரிகள் எனப்படும் ஆயத்த நிரல் தொகுப்புகளும் தனியாக உண்டு. லைப்ரரியில் ஓட்டை தெரிந்தால் பேட்ச் எனும் திருத்தத்தைப் போடுவதே நம் வழக்கம். அந்த வழக்கம் சர்வரைக் காக்கிறது. கார்டைப் பலநேரம் மறந்துவிடுகிறது.

முதலில் பேட்ச் முறையின் பெருமையைச் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரல் 7 அன்று ஓபன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் ‘ஹார்ட்ப்ளீட்’ ஓட்டை வெளியானது. வரும் செய்தியின் நீளத்தைச் சரிபார்க்காத சிறு பிழை அது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை நினைவகம் கசிந்தது. கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும் அதில் சிக்கலாம். திருத்தத்துக்குச் சில வரிகளே போதுமாயிருந்தன, அன்றே 1.0.1ஜி பதிப்பும் வந்தது. நிரல் திறந்து கிடந்ததால் யாரும் அதைச் சோதிக்க முடிந்தது. ஓரிடத்தில் செய்த திருத்தம் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. இந்த வேகத்தை வேறெந்த முறையும் தராது.

குறை அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. நூற்பாலையில் நூலின் குறையைச் சரிசெய்துவிடலாம்; அதே நூலைச் சங்கரன்கோவில் விசைத்தறியில் நெய்து, கடைக்கும் போய்விட்ட சேலை அதனால் சரியாகாது. கார்டில் பதிந்த மென்பொருளான ஃபர்ம்வேருக்குள் உறைந்த லைப்ரரியும் அப்படித்தான். அதை மாற்ற ஃபர்ம்வேர் எழுதியவர், கார்டு நிறுவனம், சர்வர் நிறுவனம், நிர்வாகி என ஒவ்வொருவரும் அசைய வேண்டும். ஆதரவுக் காலம் முடிந்த கார்டுக்கு அந்தத் திருத்தம் வராமலே போகலாம்.

சோதனையே கேடாவதும் உண்டு. எச்பி நிறுவனத்தின் ஐஎல்ஓ 2 மேலாண்மைச் சில்லுக்கு ஹார்ட்ப்ளீட் பாதிப்பே இல்லை. ஆனால் அந்த ஓட்டையைத் தேடிய ஸ்கேனர்களால் அது உறைந்து நின்றது. சர்வரின் மின் இணைப்பையே பிடுங்கி மீண்டும் செருக வேண்டியதாயிற்று.

திருத்தத்தின் அவசரத்தை உணராமல் போவது மற்றொரு குறை. லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் ‘கோஸ்ட்’ ஓட்டை 2000ஆம் ஆண்டிலிருந்தே இருந்தது. 2013 மே மாதம் அது திருத்தப்பட்டும், பாதுகாப்புத் திருத்தமாக அடையாளம் காணப்படவில்லை. 2015 ஜனவரியில் க்வாலிஸ் நிறுவனம் சொல்லும்வரை நீண்டகால ஆதரவு கொண்ட பல லினக்ஸ் பதிப்புகள் பழைய நிரலோடே ஓடின.

நம் மண்ணிலும் பாடம் உண்டு. தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்ட மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் மேனேஜ்எஞ்சின் தயாரிப்புகள் இருபதுக்கும் மேற்பட்டவை, அப்பாச்சி சான்டுவாரியோ என்ற லைப்ரரியின் மிகப் பழைய பதிப்பைச் சுமந்திருந்ததால் ஓட்டைக்கு ஆளாயின. நிறுவனம் 2022 இறுதியிலேயே திருத்தம் தந்தது. 2023 ஜனவரியில் தாக்கும் வழி பகிரங்கமானது; அதே மாதம் தாக்குதல்களும் தொடங்கின. விமானத்துறை நிறுவனம் ஒன்று இதே ஓட்டை வழியாக ஊடுருவப்பட்டதாக அமெரிக்காவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2023 செப்டம்பரில் அறிவித்தது. பேட்ச் வெளியாவதும் பேட்ச் போடப்படுவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இதற்காகப் பேட்ச் முறையைக் கைவிட வேண்டியதில்லை. அதை முழுமையாக்க வேண்டும். எந்தப் பொருளுக்குள் எந்த லைப்ரரி, எந்தப் பதிப்பு என்ற பட்டியல் அதற்கு முதல் தேவை. அத்தகைய பட்டியலுக்கான வழிகாட்டு நெறிகளை இந்தியாவின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்டது. கார்டின் ஃபர்ம்வேரும் அந்தப் பட்டியலுக்குள் வந்தாக வேண்டும்.

சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரிக்கோ மருத்துவமனைக்கோ சர்வர் வாங்குபவர், விலையோடு இந்த இரண்டையும் கேட்க வேண்டும்: மேலாண்மை கார்டுக்கு எத்தனை ஆண்டு ஃபர்ம்வேர் திருத்தம் தருவீர்கள்? அதற்குள் உள்ள லைப்ரரிகளின் பட்டியல் எங்கே? ஏற்கெனவே வாங்கியவர்கள் அந்தக் கார்டின் போர்ட்டை இணையத்திலிருந்து துண்டித்துத் தனி நெட்வொர்க்கில் வையுங்கள். ஃபர்ம்வேர் பதிப்பை இன்றே பாருங்கள்.