ஆக்கிய மொழியும் ஆகிய மொழியும்: எஸ்பெராந்தோவின் ஒலியமைப்பும் இலக்கணமும்

வழக்கு முந்தியது, இலக்கணம் பிந்தியது. மக்கள் நெடுங்காலம் பேசியும் எழுதியும் வந்தவற்றையே இலக்கண நூலார் ஆராய்ந்து விதிகளாக வகுப்பர். வழக்கையும் செய்யுளையும் அடிப்படையாகக் கொண்டே தொல்காப்பியம் எழுந்ததென அதன் சிறப்புப்பாயிரம் கூறுவதும் இதுபற்றியேயாம். இவ்வொழுங்கைத் தலைகீழாக்கி, பேசுவோர் எவருமில்லாத நிலையில் இலக்கணத்தை முதலில் எழுதிவைத்து, அதற்குரிய வழக்கைத் தேடிச் சென்ற மொழிகளும் உண்டு. ஆக்கமொழிகள் எனப்படும் அவற்றுட் பெரும்பாலானவை ஆக்கியோரோடு மறைந்தன. நூறாண்டுக்கு மேலாகப் பல நாடுகளிலும் பேசப்பட்டும் எழுதப்பட்டும் வருவனவற்றுள் முதன்மையானது எஸ்பெராந்தோ ஆகும்.

இம்மொழியைப் போற்றுவோர், விதிவிலக்கற்ற 16 விதிகளால் அமைந்தது என்பர். இகழ்வோர், ஐரோப்பிய மொழிகளின் செயற்கைக் கலவை என்பர். இரு சாராரும் 1887ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறு நூலையே நோக்குகின்றனரன்றி, அதன்பின் அம்மொழிக்கு நேர்ந்தவற்றை நோக்குவதில்லை. எஸ்பெராந்தோவின் ஒலியமைப்பிலும் இலக்கணத்திலும் குறைகள் பல உள. ஆயின் அதன் பெறுமதி, அக்குறைகளை அதனைப் பேசியோர் எவ்வாறு கையாண்டனர் என்பதிலேயே தங்கியுள்ளது.

லுத்விக் ஸாமென்ஹோவ் 1859இல் பியாலிஸ்டொக் நகரிற் பிறந்தார். இன்று போலந்தில் உள்ள அந்நகர் அன்று ருஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. யிடிஷ், போலிஷ், ருஷ்யன், ஜேர்மன் ஆகிய மொழிகளைப் பேசியோர் ஒரே நகரில், ஒருவரையொருவர் ஐயுற்று வாழ்ந்தனர். யூதக் குடும்பத்தவரான ஸாமென்ஹோவ் அப்பகைமையின் கொடுமையை இளமையிலேயே உணர்ந்தவர். எவருடைய தாய்மொழியும் அல்லாத பொதுமொழி ஒன்று இருப்பின், மொழியின் பொருட்டு எவரும் எவர்க்கும் தாழ வேண்டியதில்லை என்பது அவரது எண்ணம். பின்னர்க் கண் வைத்தியரான அவர், 1887இல் வார்சோவில் தமது மொழியின் முதல் நூலை வெளியிட்டார். 16 விதிகளும் ஏறத்தாழ 900 வேர்ச்சொற்களும் அதில் அடங்கியிருந்தன. 'நம்பிக்கை கொண்டவன்' எனப் பொருள்படும் 'எஸ்பெராந்தோ' அந்நூலில் அவர் சூடிய புனைபெயர். அதுவே பின்னர் மொழியின் பெயராயிற்று.

முதலில் ஒலியமைப்பை நோக்குவோம். எஸ்பெராந்தோவில் 28 எழுத்துக்கள் உள்ளன. ஓரெழுத்துக்கு ஓரொலி, ஓரொலிக்கு ஓரெழுத்து என்பது விதி. உயிர்கள் ஐந்தே. தமிழிற்போலக் குறில், நெடில் வேறுபாடு அங்குப் பொருளை வேறுபடுத்துவதில்லை. சொல்லின் அழுத்தம் எப்போதும் ஈற்றயலசையில் விழும். இவ்வளவில் கற்போனுக்கு இடர்ப்பாடு இல்லை.

உயிர்களிற் காணப்படும் இவ்வெளிமை மெய்களில் இல்லை. உரசொலிகளும் தடையுரசொலிகளுமாக, நாவின் முற்பகுதியிற் பிறந்து ஒன்றையொன்று நெருங்கி ஒலிக்கும் மெய்கள் மட்டும் ஏழு உள. ஒலிப்புடை ஒலியும் ஒலிப்பிலா ஒலியும் எங்கும் பொருளை வேறுபடுத்துகின்றன. சொல்லின் முதலில் மெய்கள் தொடர்ந்து வருகின்றன. 'அறிதல்' என்னும் பொருள்படும் சொல் 'ஸ்ட்ஸீ' எனத் தொடங்குகிறது. இவ்வொலித்தொகுதி போலிஷ் மொழி பேசுவோனுக்கு இயல்பானது. மொழிமுதலில் மெய்ம்மயக்கத்தை ஏற்காத தமிழ் பேசுவோனுக்கோ, 'ர', 'ல' ஒலிகளை வேறுபடுத்தாத ஜப்பானியனுக்கோ அவ்வாறன்று. எனவே, ஒலியைப் பொறுத்தவரை இம்மொழியின் நடுநிலை ஆக்கியோனின் செவிக்குப் பழகிய எல்லைக்குள்ளேயே அமைந்தது எனல் வேண்டும்.

எனினும் இக்குறையே மொழியின் விதியைத் தீர்மானித்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. எஸ்பெராந்தோவுக்குச் சில ஆண்டுகள் முன்னர், 1880 அளவில், ஜேர்மன் கத்தோலிக்கக் குருவான ஷ்லையர் 'வொலாபுக்' என்னும் மொழியை ஆக்கினார். பிறமொழியாளர்க்கு, குறிப்பாகச் சீனர்க்கு, அரிதாகும் என்று கருதி 'ர' ஒலியை அவர் பெரிதும் தவிர்த்தார். அதன்பொருட்டு ஆங்கிலச் சொற்களையும் உருத்தெரியாமற் சிதைத்தார். 'வேர்ல்ட்' என்பது 'வொல்' எனவும், 'ஸ்பீக்' என்பது 'புக்' எனவும் ஆயின. அவ்விரண்டும் இணைந்ததே மொழியின் பெயர். இவ்வகையிற் பிறர்நாவின் இடர்ப்பாட்டை ஸாமென்ஹோவைவிடக் கூடுதலாக எண்ணிப் பார்த்தவர் ஷ்லையர் எனலாம். ஆயினும், திருத்தங்கள் பற்றிய இறுதி முடிவு தமக்கே உரியதென அவர் வற்புறுத்தியமையாற் பிளவுகள் தோன்றின; 1889இல் பாரிசில் நடைபெற்ற மாநாட்டின் பின்னர் அவ்வியக்கம் விரைவிற் சிதைந்தது. ஸாமென்ஹோவோ, பொதுமொழி சமூகத்தின் உடைமை எனக் கூறித் தமது உரிமைகள் யாவற்றையும் முதல் நூலிலேயே துறந்தார். இரு மொழிகளின் வேறுபட்ட வரலாற்றுக்கு ஒலியமைப்பினும் இதுவே பெருங்காரணமாயிற்று.

உரிமையைப் பெற்ற சமூகம் ஒலியமைப்பிலேயே தன் கைவண்ணத்தைக் காட்டியுள்ளது. எஸ்பெராந்தோவில் 'ஹ' ஒலி இரண்டு. அவற்றுள் ஒன்று கடைநாவிற் பிறக்கும் உரசொலி. பலருக்கு அரிதான இவ்வொலி நாளடைவிற் பல சொற்களில் 'க' ஆயிற்று. இரசாயனத்தைக் குறித்த 'ஹெமியோ' 'கெமியோ' ஆனது. கட்டடக்கலையைக் குறிக்கும் சொல்லும் அவ்வாறே திரிந்தது. பழைய வடிவங்களை எவரும் விலக்கவில்லை. பேசுவோர் நாவே அவற்றை ஒதுக்கியது. இயற்கை மொழிகளில் நிகழும் ஒலிமாற்றத்துக்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

இலக்கணத்தில் எஸ்பெராந்தோவின் சிறப்பு அதன் ஒட்டுநிலையில் உள்ளது. பெயர் 'ஓ' என்றும், பெயரடை 'ஆ' என்றும், வினையடை 'ஏ' என்றும், வினையெச்சத்தையொத்த வினையின் அடிவடிவம் 'ஈ' என்றும் முடியும். வேரும் ஒட்டும் திரிபின்றி இணைவன. 'சான்' என்பது நலத்தைக் குறிக்கும் வேர். அதன்முன் எதிர்மறை ஒட்டான 'மால்' வர நோயும், பின் ஆளைக் குறிக்கும் 'உல்' வர நோயாளியும், மேலும் இடத்தைக் குறிக்கும் 'ஏய்' வர வைத்தியசாலையும் பெறப்படும். 'மால்சானுலேயோ' என்னும் அச்சொல்லின் ஒவ்வோர் உறுப்பையும் கற்போன் பிரித்தறியலாம். வேர்களுட் பெரும்பாலானவை ஐரோப்பியவாயினும், சொல்லாக்க முறை தமிழ், துருக்கி முதலிய ஒட்டுநிலை மொழிகளை நினைவூட்டுகிறது.

ஆயின் விதிவிலக்கின்மை பற்றிய புகழுரை இங்கு ஐயத்துக்குரியதாகின்றது. 'மார்ட்டேலோ' என்பது சுத்தியல். ஈற்றை மாற்றி 'மார்ட்டேலி' என்றால் சுத்தியலால் அடித்தல். இதே முறையில், தலைவாருதலைக் குறிக்கும் 'கோம்பி' என்பதிலிருந்து 'கோம்போ' என ஆக்கினால் அது சீப்பைக் குறிக்காது. வாருதல் என்னும் செயலையே குறிக்கும். சீப்பைக் குறிக்கக் கருவி ஒட்டைச் சேர்த்துக் 'கோம்பீலோ' என்றே கூறவேண்டும். முதலாவது வேர் பொருளைக் குறிப்பது. இரண்டாவது செயலைக் குறிப்பது. இவ்வேறுபாடு வேரின் வடிவிற் புலப்படுவதன்று. கற்போன் ஒவ்வொன்றாக நினைவில் இருத்த வேண்டியது. 16 விதிகளில் இதற்கு விதியில்லை. மொழியியலறிஞர் பெர்டினாண்ட் டி சசூரின் சகோதரரும் கணித அறிஞருமான ரெனே டி சசூர் இச்சொல்லாக்கத்தின் அடிப்படையை விளக்க முயன்றார். பின்னர், 1935இல் வெளிவந்த கலோச்சாய், வாரங்கியன் இருவரின் பேரிலக்கணம் இதனை விரிவாக வகுத்தது. விதி வழக்கினுள் மறைந்திருந்தது. இலக்கண நூலார் அதனைப் பின்னரே கண்டெடுத்தனர்.

ஒட்டுமுறையின் சிக்கனத்துக்கும் ஒரு விலையுண்டு. நன்மையைக் குறிக்கும் 'போனா'வோடு 'மால்' சேர்த்தே தீமையைக் கூற வேண்டும். இளமையைக் குறிக்கும் சொல்லோடு அதனைச் சேர்த்தே முதுமையைக் கூற வேண்டும். கற்போனுக்கு இது எளிது. கவிஞனுக்கு இது சுமை. எனவே கவிஞர் தனிச் சொற்களை ஆக்கிக்கொண்டனர். அவற்றுட் சில செய்யுள்வழக்கிற் காணப்படினும் பேச்சில் 'மால்' வடிவங்களே நிலைபெற்றன. தந்தையைக் குறிக்கும் 'பாட்ரோ'விலிருந்து தாயைக் குறிக்கும் 'பாட்ரீனோ' பெறப்படுவது இன்னொரு குறை. ஆணை அடிப்படையாகவும் பெண்ணை அதன் வழிப்பிறந்ததாகவும் கொள்ளும் இவ்வமைப்பு, அக்கால ஐரோப்பிய நோக்கின் எதிரொலி. அண்மைப் பதிற்றாண்டுகளில் இருபாலுக்கும் பொதுவான 'ரி' என்னும் பிரதிப்பெயரை ஒரு சாரார் வழங்குவது இதற்கு மறுமொழியாகும்.

மிகுந்த கண்டனத்துக்குள்ளான உறுப்பு, இரண்டாம் வேற்றுமையைக் காட்டும் 'ன்' என்னும் ஈறாகும். தமிழில் 'ஐ' உருபு தொக்கும் வரும். 'மரம் வெட்டினான்' என்பதில் இடர்ப்பாடு எதுவுமில்லை. எஸ்பெராந்தோவில் 'ன்' தொகுதல் வழுவாகும். மேலும், பெயரடையும் பெயரோடு எண்ணிலும் வேற்றுமையிலும் இயைதல் வேண்டும். 'அழகிய பூக்களை' என்பதில் 'அழகிய' மாறாது நிற்க, எஸ்பெராந்தோவில் 'பேலாய்ன் ப்ளோரோய்ன்' என இரு சொற்களும் பன்மையீறும் வேற்றுமையீறும் ஏற்கின்றன. சொல்வரிசைக்கு 'ன்' நெகிழ்ச்சி தருவது உண்மை. பெயரடையின் இயைபு தருவது மிகச் சிறிது.

இக்குறையை ஸாமென்ஹோவும் அறிந்திருந்தார் என்பது இங்கு நோக்கத்தக்கது. 1894இல் அவர் முன்வைத்த திருத்தத் திட்டம் குறியிட்ட எழுத்துக்களையும் வேற்றுமையீற்றையும் பெயரடை இயைபையும் நீக்கக் கருதியது. மொழியைக் கற்றிருந்தோர் வாக்களித்து, பெரும்பான்மையால் அதனை நிராகரித்தனர். ஆக்கியோன் தன் படைப்பைத் திருத்த முனைய, பயில்வோர் அதனைத் தடுத்தனர். 1905இல் பூலோன் நகரில் நடந்த முதல் உலக மாநாட்டில் 16 விதிகளும் மாற்றமுடியா அடிப்படையாக ஏற்கப்பட்டன. 1907இல் தோன்றிய 'இடோ' என்னும் திருத்தமொழி பெயரடை இயைபையும் குறியிட்ட எழுத்துக்களையும் களைந்தது. முன்னணியினர் சிலர் அதன்பாற் சென்றனர். பயில்வோருட் பெரும்பாலார் செல்லவில்லை. செம்மையான இலக்கணத்தினும் நிலையான வழக்கையே அவர்கள் விரும்பினர். எனினும், எஸ்பெராந்தோவைத் தாய்மொழியாகப் பெற்ற குழந்தைகள் சிலரின் பேச்சில் 'ன்' ஈறு தளர்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர். வாக்கெடுப்பாற் காக்கப்பட்டது நாவினாற் கரைவதும் உண்டு போலும்.

செயப்பாட்டு எச்சங்கள் பற்றிய நெடும் பூசலும் இத்தகையதே. 'ஆட்டா', 'ஈட்டா' என்னும் ஈறுகள் காலத்தைக் காட்டுவனவா, செயலின் முற்றுப்பேற்றைக் காட்டுவனவா என்பது வினா. 'கட்டப்பட்டது' என இறந்தகால நிகழ்ச்சி ஒன்றைக் கூறுங்கால் எவ்வீற்றைச் சேர்ப்பது என்பதில், ஜேர்மானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தோர் பலர் ஒருபுறமும் ஏனையோர் பெரும்பாலும் மறுபுறமும் நின்றனர். எவருக்கும் தாய்மொழியல்லாத மொழியின் உள்ளே ஒவ்வொருவரின் தாய்மொழியும் வழக்காடியது. 1967இல் எஸ்பெராந்தோக் கழகம் 'ஈட்டா' கட்சிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அதற்கு அது காட்டிய ஆதாரம் தருக்கமன்று, ஸாமென்ஹோவின் வழக்கே.

இம்மொழிக்கு அரசு இல்லை, படை இல்லை. 1920களிற் சர்வதேச சங்கத்தில் அதற்கு இடந்தேடிய முயற்சி, பிரான்சின் கடும் எதிர்ப்பால் ஈடேறவில்லை. 1930களின் பிற்பகுதியிற் சோவியத் நாட்டில் எஸ்பெராந்தோ பேசியோர் சிறையிடப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். நாசிகள் அதனை யூதச் சூழ்ச்சி என்றனர். ஸாமென்ஹோவின் மக்கள் மூவரும் நாசிகளாற் கொல்லப்பட்டனர்: அடாம் 1940இல், ஸோபியாவும் லிடியாவும் 1942இல் திரெப்ளிங்கா முகாமில். வெறும் விதித்தொகுதி ஒன்றை எந்த அரசும் அஞ்சியிராது. அவர்கள் அஞ்சியது, எல்லை கடந்து தமக்குள் உரையாடிய மக்கட் கூட்டத்தையே.

எஸ்பெராந்தோவில் இரு ஒட்டுக்கள் உள. வெள்ளையைக் குறிக்கும் 'ப்ளாங்கா'வோடு ஒன்றைச் சேர்த்தால் 'வெண்மையாக்கு' என்றும், மற்றதைச் சேர்த்தால் 'வெண்மையாகு' என்றும் பொருள்படும். தமிழ் இவ்வேறுபாட்டை 'ஆக்கு', 'ஆகு' எனும் வினைகளால் உணர்த்தும். 1887இல் எஸ்பெராந்தோ ஆக்கப்பட்டது. அதன் ஒலிகளில் ஆக்கியோனின் ஊர் கேட்கிறது. அதன் விதிகளில் அவரது காலம் தெரிகிறது. ஆயின் ஹெமியோ கெமியோவானபோதும், வாக்கெடுப்பில் ஆக்கியோனையே மறுத்தபோதும், ஈறு ஒன்றுக்காகப் பல்லாண்டு பூசலிட்டபோதும் அது மொழி ஆகியது. அதனை மதிப்பிட முனையும் திறனாய்வு, ஆக்கப்பட்டதை மட்டுமன்றி ஆகியதையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.