முன் லாக்கர் மோகம்

தார், ஜிம்னி, பழைய ஜிப்ஸி போன்ற ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்கள் வார இறுதியில் கூடும் இடங்களில் இப்போதெல்லாம் முதலில் எழும் கேள்வி டயரைப் பற்றியதல்ல. "முன்னால லாக்கர் போட்டாச்சா?" என்பதுதான். ஓர் அச்சின் இரண்டு சக்கரமும் ஒன்றாகவே சுற்றும்படி டிஃப்ரன்ஷியலைப் பூட்டும் கருவிதான் லாக்கர். போட்டவர் நிமிர்ந்து நிற்கிறார். போடாதவர், காற்றில் இயங்குவது நல்லதா, மின்சாரத்தில் இயங்குவதா, தானாகவே பூட்டிக்கொள்வதா என்று விசாரிக்கத் தொடங்குகிறார். எதை வாங்குவது என்று மணிக்கணக்கில் பேச்சு நடக்கிறது. முன் டிஃப்ரன்ஷியலில் கைவைக்கத்தான் வேண்டுமா என்று கேட்பவர் அரிது.

இந்த மோகத்துக்கு ஒரு வாதம் துணை நிற்கிறது. லாக்கர் இல்லாதவன் வேகமெடுத்து மோதி ஏறப் பார்க்கிறான், அதில்தான் வண்டி உடைகிறது. லாக்கர் இருந்தால் நிதானமாக ஏறலாம், ஆகவே சேதம் குறைவு என்பது அந்த வாதம். பின் அச்சைப் பொறுத்தவரை இது உண்மை. அதே நியாயத்தை அப்படியே தூக்கி முன் அச்சின் மேல் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

முன் லாக்கரின் பலனை மறுப்பதற்கில்லை. முழங்கால் உயரப் பாறைப் படியில் இரண்டு முன் டயரையும் நேராக முட்டவைத்து ஏற்றும்போது அதற்கு இணையாக வேறொன்றும் இல்லை. குறுக்குப் பள்ளத்தில் ஒரு முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் ஏ.ஆர்.பி. ஏர் லாக்கர்போல, ஸ்விட்சைத் தட்டினால் மட்டும் பூட்டிக்கொண்டு மற்ற நேரமெல்லாம் சாதாரண டிஃப்ரன்ஷியலாக இருக்கும் வகை, பொறியியலில் அழகான வேலை. 2014இல் கோவாவில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் இந்தியா போன்ற போட்டிகளுக்கு வண்டி தயாரிப்பவர் இரு அச்சிலும் லாக்கர் போடுவதைக் குறைசொல்ல மாட்டேன். அவர் உடைவதற்குத் தயாராகவே வருகிறார். கையில் உதிரி ஷாஃப்ட் இருக்கிறது, கூடவே மெக்கானிக்கும் இருக்கிறார். திங்கட்கிழமை அதே வண்டியில் அலுவலகம் போக வேண்டியவரின் கதை வேறு.

ஏற்றத்தில் வண்டியின் எடை பின்னுக்குச் சாய்கிறது, முன் டயர்கள் இலேசாகின்றன. எடை குறைந்த இரண்டு டயரைப் பூட்டிக் கிடைக்கும் லாபம், எடை ஏறிய பின் டயர்களைப் பூட்டிக் கிடைப்பதைவிடக் குறைவு. ஆனால் என் முக்கியமான ஆட்சேபம் அதுவல்ல. பின்சக்கரத்துக்கு வேலை ஒன்றுதான், தள்ளுவது. முன்சக்கரத்துக்கு இரண்டு வேலை: இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். முன் லாக்கர் முதல் வேலையைப் பலப்படுத்த இரண்டாவதைக் காவுகொடுக்கிறது.

தார் அளவுள்ள வண்டி ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துக் கால் வட்டம் திரும்பினால், வெளிப்பக்க முன்சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிடச் சுமார் 2 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அந்த 2 மீட்டரைப் பங்கிட்டுக் கொடுக்கத்தான் டிஃப்ரன்ஷியலே வந்தது. பூட்டிவிட்டால் இரண்டு சக்கரமும் ஒரே அளவுதான் சுற்றும். ஏதாவது ஒன்று வழுக்கியே தீர வேண்டும். சேற்றில் வழுக்கிவிடும், பெரிய பாதகமில்லை. காய்ந்த பாறையில் வழுக்காது. ஸ்டீயரிங் கல்லாக இறுகும், திருப்பினாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும், மிச்ச முறுக்கெல்லாம் ஷாஃப்டுக்குள் ஏறி நிற்கும்.

அந்த முறுக்கு போய்ச் சேரும் இடம் சக்கரத்தை ஒட்டியுள்ள ஜாயிண்ட். தாரிலும் ஜிப்ஸியிலும் அது சி.வி. ஜாயிண்ட், அமெரிக்க ஜீப் ரேங்ளரின் முன் அச்சில் யூனிவர்சல் ஜாயிண்ட். எந்த வகையானாலும் நேராக இருக்கும்போதுதான் முழு பலம். ஸ்டீயரிங்கை ஒடிக்க ஒடிக்கப் பலம் குறைகிறது. சி.வி. ஜாயிண்டைப் பிரித்துப் பார்த்தால் ஆறு எஃகுக் குண்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஒரு கூண்டு, உள்ளும் வெளியுமாகக் குண்டுகள் ஓடும் பள்ளங்கள். நேராக இருக்கும்போது ஆறு குண்டும் பாரத்தைச் சமமாகப் பகிரும். முழுக்க ஒடித்த நிலையில் குண்டுகள் பள்ளத்தின் விளிம்புவரை ஓடி ஓடித் திரும்ப, கூண்டின் சன்னல்களுக்கு இடையிலுள்ள மெல்லிய பாலங்கள் நெரிபடுகின்றன. உடைந்த ஜாயிண்டுகளில் விரிசல் பெரும்பாலும் அந்தப் பாலத்தில்தான் தெரியும். கிழிந்த ரப்பர் உறைக்குள் கிரீஸோடு இரும்புத்தூள் கலந்து, குண்டு ஒன்று வெளிவிளிம்பைப் பெயர்த்துக்கொண்டு கிடக்கும்.

கணக்காகவே பார்க்கலாம். முன் அச்சுக்கு 4000 நியூட்டன் மீட்டர் முறுக்கு வரக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். இடது டயர் சேற்றில் நிற்கிறது. அதனால் 300க்கு மேல் தாங்க முடியாது. சாதாரண டிஃப்ரன்ஷியல் இரு பக்கமும் சமமாகத்தான் கொடுக்கும். ஆக வலது டயருக்கும் 300தான். வண்டி நகராது, ஆனால் எதுவும் உடையாது. லாக்கர் போட்டால் இடதுக்கு 300, மீதி 3700 வலது ஜாயிண்டுக்கு. வலது டயர் பாறை இடுக்கில் சிக்கி, ஸ்டீயரிங்கும் ஒடித்த நிலையில் இருந்தால், வழுக்கித் தப்பிக்கவும் வழியில்லை. சாதாரண டிஃப்ரன்ஷியல் வீட்டு ஃப்யூஸ்போல வேலை செய்கிறது. முன் லாக்கர் போடுகிறவர் அந்த ஃப்யூஸை எடுத்துவிட்டுக் கம்பியைச் சுற்றிவைக்கிறார்.

அமெரிக்காவிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டு மாடலாக ரேங்ளர் ரூபிகான் வந்தபோது, தொழிற்சாலையிலிருந்தே இரு அச்சிலும் லாக்கர், முன்னாலும் டானா 44 அச்சு என்று கொண்டாடப்பட்டது. சாதாரண ரேங்ளரின் டானா 30இல் க்ரவுன் வீல் சுமார் 7.2 அங்குலம், இதில் 8.5. ஆனால் அந்த முன் டானா 44இன் இரு முனையிலும் இருந்த நக்கிளும் யூனிவர்சல் ஜாயிண்டும் டானா 30இல் இருந்தவையே. நடுவில் பல் பெருத்தது, லாக்கரும் வந்தது. திரும்பும் இடம் மட்டும் பழையபடியே நின்றது. பெரிய டயர் போட்டவர்கள் குரோமோலி ஷாஃப்டையும் கனமான ஜாயிண்டையும் தேடி அலைந்தது இதனால்தான். முன் டிஃப்ரன்ஷியலை மேம்படுத்துவது என்றாலே நம்மவர்களும் ஹவுசிங்கின் நடுவில் இருப்பதை மட்டும்தான் பார்க்கிறார்கள். பாரம் போய் முடியும் முனையைப் பார்ப்பதில்லை.

கூர்க்கா வண்டியில் கம்பெனியே முன்னும் பின்னும் டிஃப் லாக் தருகிறதே என்று கேட்பார்கள். தருகிறது. அந்த எஞ்சினுக்கும் அந்த டயருக்கும் ஷாஃப்டைக் கணக்குப் போட்டு, ஓட்டுநர் கையில் லீவரையும் கொடுத்துத் தருகிறது. அதை உதாரணம் காட்டுபவர் தன் தாரில் 33 அங்குல டயரை ஏற்றிவிட்டு, கம்பெனி சி.வி. ஜாயிண்டை அப்படியே விட்டுவிட்டு, லாக்கரை மட்டும் மாட்டுகிறார். இந்த இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல.

தேவையில்லாதபோது அணைத்துவைக்கலாமே என்பது அடுத்த சமாதானம். காகிதத்தில் சரி. ஆனால் ஸ்விட்ச் எப்போது தட்டப்படுகிறது? நேரான படியில் அல்ல. வழி தவறி, வண்டி கோணலாகச் சிக்கி, ஸ்டீயரிங் ஒரு பக்கம் திரும்பி நிற்கும்போதுதான். ஓட்டுநர் இறங்கிப் பார்ப்பதில்லை. பின்னுக்கு எடுத்து வேறு கோடு பிடிப்பதும் இல்லை. ஸ்விட்சைத் தட்டி ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். நிதானமாக ஏற உதவும் என்று சொல்லி வாங்கிய கருவி, நிதானம் இழந்த நொடியில்தான் பயன்படுகிறது. பக்கச் சரிவில் குறுக்காகப் போகும்போது நிலைமை இன்னும் மோசம். சாதாரண டிஃப்ரன்ஷியலில் ஒரு முன்சக்கரம் சுழன்றாலும் மற்றது தரையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பூட்டிய அச்சில் இரண்டும் சேர்ந்து சுழன்றால் வண்டியின் மூக்கு பள்ளத்தை நோக்கி இறங்கும். அந்த இடத்தில் உடைவது ஜாயிண்டாக இருந்தால் அதிர்ஷ்டம்.

ஸ்டார் பினியனையும் பக்கப் பல்சக்கரங்களையும் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டும் மலிவான ஆட்டோ லாக்கரை முன் அச்சுக்குப் பரிந்துரைப்பவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. முன் ஹப்பை விடுவித்துவிட்டால் சாலையில் தெரியாது என்கிறார்கள், அது உண்மை. ஆனால் ஃபோர் வீலில் போட்டுவிட்டால் பூட்டுவதும் விடுவதும் அதன் இஷ்டம். மழையில் நனைந்த கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கின் முடிவை ஒரு பல்சக்கரத்தின் விருப்பத்துக்கு விடுவதை எந்த விலைக்குறைவும் நியாயப்படுத்தாது.

முன் அச்சில் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால், ட்ரூட்ராக் போன்ற, சாய்பல் கியரால் இயங்கும் லிமிடெட் ஸ்லிப் வகை இருக்கிறது. அது பூட்டுவதில்லை, பிடிமானம் உள்ள சக்கரத்துக்கு முறுக்கைக் கூடுதலாகத் தள்ளும், வண்டியைத் திரும்பவும் விடும். ஒரு சக்கரம் முழுக்க அந்தரத்தில் நின்றால் அது கைவிடும் என்பது பலவீனம்தான். பிரேக்கை இலேசாக மிதித்து அந்தச் சக்கரத்துக்கு எதிர்ப்புக் கொடுத்தால் பெரும்பாலும் வேலை நடக்கும். தாரிலும் ஜிம்னியிலும் சுழலும் சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தும் மின்னணு ஏற்பாடு அதையே தானாகச் செய்கிறது. சற்றுத் தாமதம், பிரேக் சூடேறும். ஆனால் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும்.

ஆகவே காசைச் செலவழிக்கும் வரிசை இதுதான்: நல்ல டயர், காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கம், பின் லாக்கர், விஞ்ச், பிறகு பலமான முன் ஷாஃப்டும் ஜாயிண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகும் ஏற முடியாத பாறை ஒன்று பாக்கி இருந்தால், ஸ்விட்ச் வைத்த முன் லாக்கரைப் போடுங்கள். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது மட்டும் தட்டுங்கள். ஜாயிண்டை மாற்றக் காசில்லாதவருக்கு முன் லாக்கர் போடவும் காசில்லை.