மலையில் எடுத்த படமும் திங்கட்கிழமைக் காட்சியும்

போடிநாயக்கனூரிலிருந்து குரங்கணி போகும் சாலையில் சினிமா யூனிட் வண்டிகள் நின்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவு பழக்கம். பிரபு சாலமனின் ‘மைனா’ 2010-இல் அந்தச் சரிவுகளைத் தமிழ்நாடு முழுக்கக் காட்டியது. எட்டு ஆண்டு கழித்து லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ அதே தொடரின் சுமைதூக்கிகளையும் ஏலத்தோட்டக் கூலிகளையும் கதையாக்கியது. இரண்டிலும் நட்சத்திரம் இல்லை. முன்னது ஓடியது, பின்னதைப் பாராட்டினார்கள். கதைதான் காரணம் என்பது பாதி பதில்தான்.

‘மைனா’வில் காதலும் இமானின் பாட்டுகளும் இருந்தன, சரி. கூடவே, படத்தைத் தீபாவளிக்குக் கொண்டுவர ரெட் ஜெயண்ட் மூவீஸ் இருந்தது. பண்டிகை நாளில் தியேட்டர் பிடிப்பது படம் எடுப்பதைவிடக் கடினமான வேலை. ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யைத் தயாரித்தவர் விஜய் சேதுபதி, இசை இளையராஜா, ஒளிப்பதிவு தேனி ஈஸ்வர். இந்தப் பெயர்கள் இருந்தும் விழாக்களைச் சுற்றிவிட்டு 2018 ஆகஸ்ட் 24 அன்றுதான் அது தியேட்டருக்கு வந்தது. முந்தைய வாரம் வந்த ‘கோலமாவு கோகிலா’ இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நடிகர்கள் சின்னப் படம் தயாரிக்கும் வழக்கத்தைக் குறை சொல்லுமுன் அதனால் விளைந்ததைச் சொல்லிவிட வேண்டும். தனுஷ் இல்லாமல் ‘காக்கா முட்டை’யும் ‘விசாரணை’யும் அந்த உருவில் வந்திருக்குமா என்பது சந்தேகம். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யில் ரங்கசாமி ஒரு துண்டு நிலம் வாங்கக் கனவு காண்கிறான். அவன் நம்பியிருந்த ஏலக்காய் மூட்டை மலைப்பாதையில் கைநழுவி, உருண்டு, பிரிந்து, காய்கள் பள்ளத்தில் சிதறுகின்றன. ஒரு குடும்பத்தின் பல வருட உழைப்பு அது. வில்லன் இல்லை, சண்டை இல்லை; காமெரா மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கடைசியில், பின்னர் வாங்கி இழந்த நிலத்தில் நிற்கும் காற்றாலைக்கே அவன் காவலாளி ஆகிறான். வட்டிக்குப் பணம் வாங்கிய தயாரிப்பாளர் எவரும் இந்த மெதுநடையைப் பொறுத்திருக்க மாட்டார்; இடைவேளைக்கு முன் ஒரு குத்துப்பாட்டாவது கேட்டிருப்பார். நடிகரின் சொந்தப் பணம் இயக்குநருக்கு அந்தத் தொல்லையைத் தீர்த்துவைத்தது.

ஆனால் அந்தப் பணத்தின் அதிகாரம் எடிட்டிங் அறையோடு நின்றுவிடுகிறது. தியேட்டர்க்காரருக்கு நடிகர் திரையில் இருந்தால்தான் கணக்கு. வெள்ளி, சனி, ஞாயிறு வசூல் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை நான்கு காட்சியை ஒன்றாக்குவார். அதுவும் பகல் காட்சி. தோட்ட வேலைக்குப் போகிறவர் எப்படிப் பார்ப்பார்? சின்னப் படம் வாய்வழிப் பேச்சில் வளர்வது. பேச்சு ஊருக்குள் வரும்போது போஸ்டர் மாறியிருக்கும். தியேட்டர்க்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, மின்கட்டணமும் சம்பளமும் அவருக்கும் உண்டு. 2024 ஆகஸ்டில் சிவகார்த்திகேயன் தயாரித்த ‘கொட்டுக்காளி’ வந்தபோது, இத்தகைய படத்தைத் தியேட்டரில் திணிக்கக் கூடாது என்ற பொருளில் இயக்குநர் அமீர் பேசினார். டிக்கெட் வாங்கியவரின் பக்கத்தில் நின்று பார்த்தால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அதை ஒப்புக்கொண்டால், சொந்த மலையைப் பற்றிய படத்தை அந்த மலையடிவாரத்து ஊர் கைப்பேசியில்தான் பார்க்க வேண்டும்.

ஒழுங்குமுறைகள் குறைவில்லை. 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி தணிக்கை வாரியம் வசனத்தில் ஒரு சொல்லுக்குக்கூட மணிக்கணக்கில் விவாதிக்கும். 2023 திருத்தத்துக்குப் பின் யு/ஏ சான்றிதழே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஜிஎஸ்டி பெரிய படம், சின்னப் படம் என்று பார்ப்பதில்லை. எந்தப் படத்துக்கு எத்தனை திரை என்பதை மட்டும் இங்கே எந்தச் சட்டமும் கேட்பதில்லை. 2018-இல் தான் நடத்திய வேலைநிறுத்தத்துக்குப் பின் தயாரிப்பாளர் சங்கம் வெளியீட்டுத் தேதிகளை ஒழுங்குபடுத்தப் பார்த்தது. அந்த டிசம்பர் 20 அன்று ‘சீதக்காதி’ வர, மறுநாளே ‘மாரி 2’, ‘அடங்க மறு’ இரண்டும் ஒரே நாளில் வந்தன. கட்டுப்பாடு அவ்வளவுதான்!

ஏலக்காய் வியாபாரத்தில் இதைவிட வெளிப்படை உண்டு. போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் வியாபாரி தட்டிலுள்ள சாம்பிளின் பச்சையையும் பருமனையும் பார்த்து விலை கேட்பார். விலை ஏறுவது திரையில் எல்லோருக்கும் தெரியும். விலை அடிபடும்போது விவசாயி வயிறெரிந்தாலும், எவ்வளவுக்குப் போனது என்பதாவது தெரிந்துவிடும். சினிமாவில் அதுகூட இல்லை. போஸ்டரில் கோடிகள் அச்சாகும். ஒரு சின்னப் படம் எந்த ஊரில், எந்தக் காட்சிக்கு, எத்தனை டிக்கெட் விற்றது என்ற கணக்கு வெளியே வராது. அது வந்தால்தான், திங்கட்கிழமை குறைத்த காட்சிக்கு உண்மையிலேயே ஆள் இல்லையா, ஆள் வருமுன்பே குறைத்தார்களா என்று கேட்க முடியும்.

திரை ஒதுக்கீட்டுக்கு முன்னுதாரணங்கள் உண்டு. மகாராஷ்டிரத்தில் மராத்திப் படங்களுக்கு மல்டிபிளெக்ஸில் மதியம் 12 முதல் இரவு 9-க்குள் இடம் தர வேண்டுமென்று 2015-இல் அரசு சொன்னது. தென்கொரியாவில் உள்நாட்டுப் படத்துக்கு ஆண்டில் 73 நாள் ஒதுக்கீடு. இரண்டும் மொழியையோ நாட்டையோ காப்பவை. நம் சிக்கல் தமிழ்ப் படத்தைத் தமிழ்ப் படமே நெருக்குவது. அதனால் அவற்றை அப்படியே கொண்டுவருவதில் எனக்கு நம்பிக்கையில்லை. சின்னப் படத்துக்கான அரசு மானியத்தைப் படப்பெட்டிக்குக் கொடுப்பதைவிட, இரண்டாவது வாரமும் ஒரு மாலைக் காட்சியை விட்டுக்கொடுக்கும் தியேட்டருக்குக் கொடுக்கலாம். டிக்கெட் கணக்கைக் காட்டினால்தான் பணம் என்ற நிபந்தனையோடு.