ரசிகரா? பக்தரா?

நடிகரின் உருவப் படத்துக்குப் பாலூற்றிப் பழகிய நாட்டிலே ஒரு புதுமை! ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வாழும் இளைஞர்கள் இன்று, “நடித்தவர் யார்?” என்று கேட்பதோடு நிற்பதில்லை, “எடுத்தவர் யார்?” என்றும் கேட்கிறார்கள். வெற்றிமாறன் என்கிறார்கள், பா. இரஞ்சித் என்கிறார்கள். வரவேற்கத்தக்க மாற்றமே இது. முகத்தை மட்டும் கண்டு மயங்கியவன், அந்த முகத்தை இயக்கும் மூளையைக் காணத் தொடங்கிவிட்டான். ஆனால், பிறர் மூளையைக் கண்டு வியந்தவன் தன் மூளையை அடகு வைத்துவிட்டால் என்ன பயன்?

2018 அக்டோபரில் வெளிவந்த ‘வடசென்னை’யை எடுத்துக்கொள்வோம். சண்டைப் படந்தான். ஆயினும் அது தொடங்கும் விதத்தைப் பாருங்கள். கொலையைக் காட்டவில்லை, கொலை முடிந்தபின், குருதி தோய்ந்த கத்தியோடு நால்வர் உட்கார்ந்து பேசுவதைக் காட்டுகிறார் வெற்றிமாறன். வன்முறை வீரமன்று, வியாபாரம் என்பதை அந்த ஒரு காட்சி உணர்த்திவிடுகிறது. சிறைச்சாலையில், கேரம் போட்டி நடக்கும் பந்தலில் எழும் மோதலிலும் கதாநாயகன் வானில் பறப்பதில்லை. அச்சமும் அவனோடு நிற்கிறது. இத்தனை வெட்டுக்கும் குத்துக்கும் அடியில் இருப்பது எது? குப்பத்து மக்களைக் குடிபெயர்க்க வரும் சாலைத் திட்டம்! கத்திக்குப் பின்னே கடற்கரை மண்ணின் விலை மறைந்திருக்கிறது.

இதைக் கண்டு கைதட்டுபவன் ரசிகன். “எங்கள் இயக்குநர் தவறே செய்யார்” என்று தோள் தட்டுபவன் பக்தன். இருவருக்கும் இடையே உள்ள தொலைவை அதே படம் காட்டிற்று. படகில் நடப்பதாக அமைந்த ஒரு காட்சி தங்களைப் புண்படுத்துவதாக மீனவ மக்கள் எதிர்த்தனர். இயக்குநர் வருத்தம் தெரிவித்தார். காட்சியை நீக்கவும் இசைந்தார். பக்தர்களின் முழக்கமா அவரைச் சிந்திக்க வைத்தது? இல்லை, எதிர்த்தவர்களின் கேள்வியே வைத்தது! கலைஞனுக்கும் நன்மை செய்வது கேள்விதான் என்போம்.

2021 ஜூலையில், கொட்டகைக்கு வராமல் இணையத்தின் வழியே வந்தது ‘சார்பட்டா பரம்பரை’. நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னையையும், அங்கு மோதிய குத்துச்சண்டைப் பரம்பரைகளையும் இரஞ்சித் அதிலே தீட்டினார். கத்தியைத் தூக்கும்போது கபிலன் வீழ்கிறான். கையுறை அணிந்து மீளும்போது எழுகிறான். வடசென்னை என்றாலே வெட்டரிவாள் என்று பழகிப்போன கண்களுக்கு அது நல்ல மருந்து.

எனினும், நமக்கு ஒரு குறை உண்டு. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரு கப்பல்கள் மோதின. கரையொதுங்கிய எண்ணெய்ப் படலத்தை வாளி வாளியாகக் கைகளால் அள்ளினர். 2023 டிசம்பரில், வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்தது. வலையும் படகும் கறுத்தன. அதே மாதம் 26 ஆம் நாள் நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறிய மக்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினர். இங்கே கத்தி இல்லை, கதாநாயகன் இல்லை. ஆனால் போராட்டம் இல்லையா? உயிருக்கு ஆபத்து இல்லையா?

மேற்சொன்ன இரு படங்களின் கதைக்காலம் வேறு என்பது உண்மையே. அடுத்த படத்துக்கு அந்தத் தடை இல்லையே! குழாயும் கொதிகலனும் சாம்பற்குட்டையும் சூழ வாழும் மக்களின் சண்டையைத் திரையில் காட்டுங்கள் என்று கேட்கும் உரிமை, அனுமதிச் சீட்டுக்குக் காசு கொடுக்கும் துறைமுகத் தொழிலாளியின் மகனுக்கு இல்லையா?

கல்லைக் கும்பிட மறுத்த தோழர்காள்! கேமராவையும் கும்பிடாதீர்கள். படத்தைப் பாருங்கள், நல்லதைப் பாராட்டுங்கள், விட்டதைக் கேளுங்கள். நல்ல இயக்குநர் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அதுவாகத்தான் இருக்கும்.